கிணற்றை மூடுகிறவன் தண்ணீர் காட்ட வேண்டும்

போன வாரம் ஸ்டெல்லா என்று ஒரு இளம் வக்கீல் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஜூனியராக இருந்தவரிடம் இப்போது இவள் ஜூனியர். ஒரு பல்கலைக்கழகத்தில் சுகாதாரச் சட்டம் என்று புதிதாகப் பாடம் தொடங்குகிறார்களாம். வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்க இவளைக் கேட்டிருக்கிறார்களாம். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கை ஒன்று வைத்திருந்தாள். அதன் முதல் வரி, 'நம் நாட்டில் இதுவரை யாரும் தொடாத துறை'. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. யாரும் தொடாத துறையா? ஐம்பதுகளின் கடைசியில் இதே சேலத்தில், சாயங்கால வேளையில், பிளீச்சிங் பவுடர் நாற்றத்தோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது பின்னே என்ன, பஜனைப் பாட்டா? அவள் பயந்துவிட்டாள். "அப்போ அதையெல்லாம் எழுதிக் கொடுங்க சார், எனக்கு உதவியா இருக்கும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நல்ல வார்த்தை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா ரயில்வேயில் இருந்தார். பங்குப் பள்ளிக்கூடம், திருச்சியில் கல்லூரி, சென்னையில் சட்டம். திரும்பி வந்து நகராட்சிக்கு வக்கீலாக இருந்த ஒரு சீனியரிடம் சில வருஷம் வழக்குக் கட்டுத் தூக்கினேன். தண்ணீர் கலந்த பால், சாக்கடை மேல் கட்டிய கடை, ஓடையில் சாயத்தண்ணீரை விட்ட பட்டறை என்று மற்ற ஜூனியர்கள் முகம் சுளித்துத் தள்ளிவிடும் வழக்கெல்லாம் என் தலையில் விழும். அப்படித்தான் இந்தச் சட்டம் எனக்குப் பழகியது. ஆசைப்பட்டுப் படித்ததாகச் சொன்னால் பொய்.

பல்கலைக்கழகம் ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு தொடங்கியது. சானிட்டரி இன்ஸ்பெக்டர்களுக்கும் அம்மை குத்துகிறவர்களுக்கும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு. சட்டப் பாடத்துக்குப் பகுதிநேர ஆசிரியராக என்னைப் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். எருமப்பட்டியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் சைக்கிளிலேயே வருவார். நாள் முழுக்கச் சந்தையிலும் சாக்கடையிலும் அலைந்துவிட்டு வந்து, கல்லூரிப் பையன்களின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்காருவார்கள். பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். முதல் வாரத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான் சட்டத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், தூங்காமல் என்ன செய்வார்கள்? இரண்டாவது வாரம் முதல் வரலாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் உங்களை எந்த இடத்தில் மடக்குவான் என்று சொல்ல ஆரம்பித்தேன். தூக்கம் போய்விட்டது.

படிப்புக்கு மேற்பார்வை ஒரு சுகாதார அதிகாரி. அவரை டாக்டர் சபேசன் என்று வைத்துக்கொள்வோம். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. என் மாணவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் அவர்தான் மேலதிகாரி. வெளுத்த பேண்ட், வெளுத்த சட்டை, மடித்த கைக்குட்டை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர்களின் பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்பது வரை தெரிந்து வைத்திருந்து விசாரிப்பார். அவர் நல்லவர் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அவருக்கு ஒரு வழக்கம். ஜீப்பை விட்டு முழுதாக இறங்கமாட்டார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். அப்படியே நின்று இடத்தைப் பார்ப்பார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துச் செய்யுங்க" என்பார். அவ்வளவுதான் உத்தரவு. சுகாதாரத் துறையில் வாய் உத்தரவு எல்லா இடத்திலும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. காலரா பரவுகிற நேரத்தில் காகிதத்துக்குக் காத்திருந்தால் பிணம்தான் விழும். அதிகாரி சொல்வார், இன்ஸ்பெக்டர் செய்துவிடுவார், பத்து நாள் கழித்து 'செய்தது சரி' என்று எழுத்தில் உறுதி செய்து அனுப்புவார்கள். அது வராமல் போனதே கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் ஜில்லா முழுக்க வேலை நடந்தது.

என் வகுப்பில் நல்லப்பன் என்று ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நாற்பது வயதிருக்கும், மூன்று பெண்கள். அவர் ஒரு வாயாடி. நான் ஒன்று சொல்லி முடிக்குமுன் கையைத் தூக்கிவிடுவார். "அது எந்தப் பிரிவுலீங்க இருக்குது?" பிரிவைச் சொன்னால் அடுத்த கேள்வி. "அப்படீன்னா இதுக்கு என்னங்க பண்றது?" ஒரு நாளைக்கு நடத்த நினைத்த பாடம் இவரால் மூன்று நாள் இழுக்கும். அவர் சளிக்காய்ச்சலில் படுத்து இரண்டு வகுப்புக்கு வராதபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேர் எதிர் கந்தசாமி. முத்து முத்தாக எழுத்து, நான் இருமினால்கூட எழுதிக்கொள்வார், கேள்வியே கிடையாது. தேர்வில் முதல் மதிப்பெண் அவருக்குத்தான்.

கிணறு மூடும் பாடத்துக்கு வருகிறேன். காலரா கண்ட ஊரில் கிணற்றுக்கு மருந்து போடும் முறை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைக்க வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட வேண்டும். தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள்ளேயே மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அரை மணி கழித்துச் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். ஆனால் சில கிணறுகளுக்கு இது போதாது. பக்கத்துக் குட்டையின் அழுக்கு ஊறி இறங்குகிற கிணறு என்றால், இன்றைக்குப் போட்ட மருந்து நாளைக்குச் செத்துவிடும். அதை மூடத்தான் வேண்டும். ராட்டினத்தைக் கழற்றி, கயிற்றை எடுத்து, வாயில் முள்ளைப் போட்டு, சிவப்புத் துணி கட்டி, தண்டோரா போட வேண்டும்.

இந்த இடத்தில் நல்லப்பன் கையைத் தூக்கினார்.

"கிணத்த மூடிப்போட்டு நாம ஊட்டுக்குப் போயிருவோம். அவிங்க எதையுங்க குடிப்பாங்க?"

நல்ல கேள்வி. சட்டத்தில் மூடும் அதிகாரம் ஒரு பக்கம் இருக்கிறது. மக்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்க வேண்டிய கடமை இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். கரும்பலகையில் பெரிதாக எழுதியும் போட்டேன்: 'கிணற்றை மூடுகிறவன் தண்ணீர் காட்ட வேண்டும்'. பொதுப் பணத்தில் வெட்டிய கிணற்றில் இன்னார் இறைக்கக் கூடாது என்று தடுப்பது குற்றம் என்று புதிதாக வந்திருந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தையும் அன்றைக்கே சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கந்தசாமி அடிக்கோடு போட்டுக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

அந்த வருஷ மழையில் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் காலரா வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்லப்பனின் எல்லை அது. ஊரில் இரண்டு குடிதண்ணீர்க் கிணறு. ஊருக்குள் இருந்தது ஜில்லா போர்டு பணத்தில் வெட்டிய கிணறு; கைப்பிடிச் சுவரில் போர்டின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மற்றது சேரிக்குக் கீழே, குட்டைக்கு ஒட்டினாற்போல். நோய் வந்தது சேரியில்தான். குட்டை நிரம்பிக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நல்லப்பன் முதலில் இரண்டு கிணற்றுக்கும் மருந்து போடப் போனார். ஊர்க் கிணற்றில் ஊர்த் தலைவர் குறுக்கே நின்றார். எங்கள் கிணற்றில் நோய் இல்லை, மருந்து போட்டால் சோறு வேகாது, மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், போடவே கூடாது என்றார். நல்லப்பன் சபேசனிடம் போய்ச் சொன்னார். அங்கேதான் நோய் இல்லையே, எதற்கு அவர்களை விரோதித்துக்கொள்வது, விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சபேசனே ஜீப்பில் வந்தார். சேரிக் கிணற்றை, வழக்கம்போல் ஒரு கால் படியில் வைத்துக்கொண்டே பார்த்தார். "இத மூடிடுங்க" என்றார். நல்லப்பன் தன் கேள்வியைக் கேட்டார், தண்ணீருக்கு என்ன வழி என்று. கைக்குட்டை கழுத்துக்குப் போனது. "பாத்துச் செய்யுங்க."

நல்லப்பன் பார்த்துச் செய்தார். கிணற்றை மூடினார். சேரிக்காரர்கள் குடத்தோடு தள்ளி நின்றால் ஊர்ப் பெண்கள் இறைத்து மேலிருந்து ஊற்றுவது அந்த ஊர் வழக்கமாம். நோய்க்குப் பயந்து அதையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் தண்டோரா போட்டார்: ஊர்க் கிணறு பொதுக் கிணறு, நோய் தீரும்வரை எல்லோரும் அதில்தான் இறைக்க வேண்டும், தடுப்பவர் மேல் வழக்கு. போட்டுவிட்டு அந்தக் கிணற்றடியிலேயே நின்றார். வெகுநேரம் யாரும் வரவில்லை. கடைசியில் இருசாயி என்று ஒருத்தி வந்தாள். புருஷனை இரண்டு நாளைக்கு முன்பு அதே நோயில் பறிகொடுத்தவள், இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் கயிற்றைப் பிடித்து இறைத்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

அடிதடி நடக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அந்த அளவுக்கு முட்டாள்கள் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக் கார் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வந்து, யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்களைப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் நல்லப்பன் தற்காலிக நீக்கம். அதிகாரம் இல்லாமல் கிணற்றை மூடினார், பொது அமைதியைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பத்து நாளில் வந்திருக்க வேண்டிய உறுதிக் காகிதம் வரவே இல்லை.

அவர் என் அலுவலக அறைக்கு வந்தபோது முதல் முறையாகக் கேள்வி எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் மூன்று பெண்களையும் தறியில்தான் உட்கார்த்த வேண்டும் என்றார். இந்த வயதில் தனக்குத் தறியும் வராது என்றார். எனக்குக் கோபம் பொறுக்கவில்லை. அப்போதே எழுந்து இருவருமாக பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனோம்.

ஊர்க் கிணற்றை நெருங்கும்போதே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அடைத்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீரில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. இறுத்துத் தெளிய வைத்து ஊற்றவில்லை, அப்படியே கொட்டியிருக்கிறார்கள். இந்த ஊர்தான் சோறு வேகாது என்று மருந்தே வேண்டாம் என்றது. என்ன நடந்தது என்று விசாரித்தோம். நல்லப்பனை நீக்கிய அன்றைக்கே சேரிக்காரர்களைக் கிணற்றடியிலிருந்து விரட்டிவிட்டு, சேரிக் கிணற்றின் முள்ளை எடுத்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களே சபேசனிடம் போய், சேரிக்காரர்கள் இறைத்த கிணற்றைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் அரசாங்கப் பவுடரைக் கொடுத்து, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவரை அனுப்பியிருக்கிறார். அனுப்பப்பட்டவர் கந்தசாமி.

நான் அங்கே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க யாருமில்லை. தள்ளி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இருசாயி நின்றிருந்தாள்.

"நாங்க எறைச்சப்ப அந்தத் தண்ணி தித்திப்பா இருந்துச்சு சாமி" என்றாள். "இப்பத்தான் நாறுது."

அந்த ஒரு வாரத்தில் உங்கள் தெருவில் யாருக்காவது நோய் கண்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒருத்தருக்கும் இல்லை என்று விரலை ஆட்டிக் காட்டினாள். நல்லப்பன் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்தார்.

நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்தை அந்தக் கிணற்றில் எதைக் கொல்லப் போட்டார்கள்? ஊரார் என்ன நினைத்துக் கேட்டார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் மாதா கோயிலிலும் அந்தக் காலத்தில் உட்காருகிற இடம் பிரிந்துதான் கிடந்தது, அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஊராரின் புத்தி அது. ஆனால் மருத்துவம் படித்த மனிதர், கிருமியை நுண்ணோக்கியில் பார்த்த மனிதர், அந்தப் பவுடரை எடுத்துக் கொடுத்தாரே. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

துறை விசாரணை நடந்தது. விசாரிக்க வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். துறை விசாரணையில் வக்கீல் பேசக் கூடாது, வேண்டுமானால் பக்கத்தில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாட்சிகளை நல்லப்பனே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முந்தின நாள் முழுக்க அவரைத் தயார் செய்திருந்தேன். அவர் நான் சொன்ன வரிசையில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. வகுப்பில் என் உயிரை எடுத்த மாதிரியே, எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தன் போக்கில் ஆரம்பித்தார்.

"கிணத்த மூடச் சொன்னது நீங்கதானுங்களே ஐயா?"

"நெலமையப் பாத்துச் செய்யச் சொன்னேன்" என்றார் சபேசன். முகத்தில் வருத்தம்கூட இருந்தது.

"மொதல்ல ஊர்க் கிணத்துக்கு மருந்து போட வேண்டாமுன்னீங்களே, அது எதுக்குங்க?"

"அங்க நோய் இல்ல."

"பொறவு கந்தசாமிய உட்டுப் போடச் சொன்னீங்களே. அப்ப நோய் வந்துருச்சுங்களா?"

"இல்ல. வரல."

"அப்பொறம் எதுக்குங்க போட்டது?"

சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசாரணை அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பொதுமக்களோட திருப்திக்காக" என்றார்.

நல்லப்பனிடமிருந்து வழக்கமான கேள்வி வந்தது. "அது எந்தப் பிரிவுலீங்க இருக்குது?" கூடவே இன்னொன்றும் கேட்டார். "அந்தப் பொதுமக்கள்ல இருசாயி வருவாளுங்களா?"

இது தேவையற்ற கேள்வி, பதிவு செய்ய வேண்டாம் என்றார் விசாரணை அதிகாரி. நான் எழுந்துவிட்டேன். உட்காருங்கள் அல்லது வெளியே போங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். என்னால் நல்லப்பனுக்குக் கேடு வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பு வந்தது. வேலை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி, இனிப் பதவி உயர்வு கிடையாது என்று சொல்லி, கொல்லிமலை அடிவாரத்துக்கு மாற்றினார்கள். இது கருணையோடு முடிக்கப்பட்டதாக சபேசன் என்னிடமே சொன்னார். தானே சிபாரிசு செய்ததாகவும் சொன்னார். உண்மையாகவே செய்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். நல்லப்பனின் இடத்துக்குக் கந்தசாமி வந்தார். ஊர்க் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, முன்வாசலில் ஒரு கம்பிக் கதவு வைத்து, 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை மாட்டினார்கள். பின்பக்கப் படி வழியாக ஊரார் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பழுதும் தீரவில்லை, பலகையும் இறங்கவில்லை. நானும் இரண்டு மனு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

அடுத்த மழை வந்தது. ஒரு சாயங்காலம் கந்தசாமி வகுப்புக்குத் தாமதமாக வந்தார். முதல் மதிப்பெண் வாங்கித் தேறியவர், மேல் படிப்புக்காகத் திரும்பச் சேர்ந்திருந்தார். சட்டைக் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அந்தச் சேரியில் மறுபடியும் காலரா, அங்கிருந்துதான் வருகிறேன் என்றார். வகுப்பே அவர் பக்கம் திரும்பியது. கிணற்றை மூடியாயிற்றா என்று கேட்டேன்.

"மூடலீங்க சார்."

ஏன் என்று கேட்டேன். குட்டை நிரம்பியிருக்குமே, மருந்து நிற்காதே.

"மூடினா தண்ணி காட்டணும்னு நீங்கதானுங்க சார் சொல்லிக் குடுத்தீங்க. காட்டறதுக்கு அங்க வேற தண்ணி இல்லீங்க. தண்ணி காட்டாம மூடினா சட்டப்படி தப்பாயிரும். அதனால மருந்து மட்டும் போட்டுட்டு வந்துட்டேன். ஆபீசரும் அதுதான் சரின்னுட்டாருங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை. பயந்துகொண்டும் சொல்லவில்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்த பையனின் முகம் அது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது பின்பெஞ்சில் இரண்டு பேர் அவர் சொன்னதைத் தங்கள் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் வகுப்பு அல்லவா, பயன்படும் என்று நினைத்திருப்பார்கள். எழுதுவதை நிறுத்துங்கள் என்று கத்தினேன். ஏன் கத்துகிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. கந்தசாமியைப் பார்த்து, உன் எல்லையில் இருக்கிற ஊர்க் கிணறு தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "அது பழுது பாக்கறாங்களேங்க சார்" என்றார். பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே அந்த ஊருக்குப் போனேன். இருசாயி முந்தின நாளே இறந்துவிட்டாள். இடுப்பில் வைத்திருந்தாளே, அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. பிழைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். யார் வளர்த்தார்கள் என்று தெரியாது. சேரிக் கிணற்றில் ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. இறைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வேண்டாம் என்று சொன்னேன். குடத்தை நிறுத்தாமல், "வேற எங்க சாமி போறது?" என்றாள்.

அங்கிருந்து நேராக சபேசனின் அலுவலகம். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். இருசாயி செத்துப்போனதைச் சொன்னேன். "ச்சு ச்சு" என்றார். உண்மையான வருத்தம்தான், அதிலும் பொய்யில்லை. ஊர்க் கிணற்றைத் திறக்க உத்தரவு போடுங்கள், இப்போதே எழுதுங்கள் என்றேன். காபி ஆறுகிறதே என்றார். நான் சத்தம் போட்டேன். வெளியில் இருந்த குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, மெல்லச் சொன்னார்.

"உங்க பாடத்துல அந்தத் தண்ணி விஷயத்த கொஞ்சம் சுருக்கிக்கலாம். பசங்க குழம்பிக்கறாங்க. பாத்துச் செய்யுங்க."

அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கையை என் தோளிலிருந்து தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நான் பாடத்தைச் சுருக்கவில்லை. அடுத்த வகுப்பில் அந்த ஒன்றைத்தான் முழுக்க நடத்தினேன். தண்ணீர் இல்லாவிட்டால் மூடாதே என்று அதற்கு அர்த்தம் இல்லை, தண்ணீரைக் கொண்டுவா, அடைத்து வைத்திருப்பவனிடமிருந்து வாங்கிக் கொடு என்று அர்த்தம் என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். குடும்பம் உள்ளவர்கள். போன வருஷம் நல்லப்பன் உட்கார்ந்த இடம் காலியாக இருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டு வகுப்பு தொடங்கும் நாள் போனபோது, வேறு வக்கீல் வருகிறார் என்று கல்லூரிக் காவலாளி சொன்னார். கடிதம் எதுவும் கிடையாது. யாரோ பார்த்துச் செய்துவிட்டார்கள்.

அதன் பிறகு எத்தனையோ வழக்கு நடத்தினேன். ஜெயித்தது உண்டு, தோற்றது உண்டு, இரண்டும் மறந்து போயிற்று. நல்லப்பன் மலையடிவாரத்திலேயே ஓய்வு பெற்றார். ஒரு முறை பார்க்க வந்தார். பெண்கள் மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். அப்போதும் விடவில்லை. அந்தப் பொதுமக்கள் திருப்தி எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

ஸ்டெல்லா, உன் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். நோயாளியின் உரிமை இருக்கிறது, மருத்துவரின் பொறுப்பு இருக்கிறது, இழப்பீடு இருக்கிறது. எல்லாம் நல்ல பாடம்தான். தண்ணீர் என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. யாரும் தொடாத துறை என்று வேறு போட்டிருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிடு. முதல் வகுப்பில் சட்டத்தின் வரலாற்றைச் சொல்லாதே, தூங்கிவிடுவார்கள். இதைச் சொல். இருசாயி என்று ஒருத்தி ஊர்க் கிணற்றில் ஒரு வாரம் தண்ணீர் இறைத்தாள். அந்த ஒரு வாரம் அவள் தெருவில் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது.